வெளிநாட்டுச் சந்தை திறந்தாச்சு, கழனிக் கதவு எப்போ திறக்கும்?

தண்டோரா போடும் வழக்கத்தை 2022இல் தமிழக அரசு நிறுத்தச் சொன்னது. நல்லது. கழுத்தில் பறையை மாட்டிக்கொண்டு நம்ம ஆள் தெருத்தெருவாக அடுத்தவன் சேதியைக் கத்திக்கொண்டு போன காலம் ஒழியட்டும். ஆனால் டெல்லிக்காரர்களின் தண்டோரா நிற்கிற மாதிரி தெரியவில்லை. "விவசாயிகளே, உங்களுக்கு உலகச் சந்தை திறந்துவிட்டது!" 2022இல் ஐக்கிய அரபு அமீரகத்தோடு கையெழுத்து. அதே வருசம் ஆஸ்திரேலியாவோடு கையெழுத்து. 2025 ஜூலை 24 அன்று பிரிட்டனோடு கையெழுத்து. பிரிட்டனுக்குப் போகும் நம் விவசாயப் பண்டங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வகைக்கு மேல் இனி சுங்கவரி கிடையாது என்கிறது அரசு. மஞ்சள் போகலாம், மாம்பழக் கூழ் போகலாம், இறால் போகலாம்.

போகட்டும். போவதைத் தடுக்க நான் வரவில்லை. எனக்கு ஒரு கேள்விதான் இருக்கிறது. யாருடைய பண்டம் போகிறது? வருகிற காசு எந்தத் தெருவரைக்கும் வரும்?

விவசாயி என்ற சொல்லை இந்த நாட்டில் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். மந்திரி சொல்கிறார், ஏற்றுமதியாளர் சொல்கிறார், அதை எதிர்க்கிற தோழர்களும் சொல்கிறார்கள். அந்தச் சொல்லுக்குள்ளே யார் இருக்கிறார்கள் என்று எவரும் குனிந்து பார்ப்பதில்லை. செங்கல்பட்டுச் சீமையில் ஏர் பிடித்தவனுக்குப் பேர் படியாள். நாத்து நட்டவளுக்குப் பேர் கூலிக்காரி. வரப்பில் குடை பிடித்துக்கொண்டு நின்றவருக்குப் பேர் விவசாயி. சேற்றில் இறங்கியவன் விவசாயி ஆகவில்லை, இறங்காதவர் ஆனார். இந்த மோசடி நம் பேச்சிலேயே ஊறிப்போயிருக்கிறது.

பேச்சில் மட்டும் இல்லை, காகிதத்திலும் அப்படித்தான். நான் ஒரு வங்கியில் குமாஸ்தா. எங்கள் கவுன்ட்டரில் ஒருவர் விவசாயியா இல்லையா என்பதை முடிவு செய்வது அவர் கையில் இருக்கும் காய்ப்பு இல்லை. சிட்டாவும் அடங்கலும்தான். சிட்டா இருந்தால் பயிர்க்கடன் 7 சதவீத வட்டிக்கு, தவணை தவறாமல் கட்டினால் 4 சதவீதத்துக்கு. சிட்டா இல்லாத ஒரு அம்மா அதே கழனியில் முப்பது வருசம் நடவு நட்டிருப்பார். அவர் ஒரு ஜோடித் தோட்டைக் கொண்டு வந்து வைத்தால் அது சாதாரண நகைக்கடன், வட்டி கூட. வாரத்துக்கோ வாய்மொழிக் குத்தகைக்கோ பயிர் வைக்கிறவன் வந்தால், "நிலத்துக்காரர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வாப்பா" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. நிலத்துக்காரர் தர மாட்டார். கொடுத்தால் குத்தகைப் பாத்தியதை வந்துவிடும் என்று பயம். குழுவாகச் சேர்ந்தால் கடன் உண்டு என்று சுற்றறிக்கை இருக்கிறது. சுற்றறிக்கை ஃபைலில் இருக்கிறது. அந்த ஆள் கந்துவட்டிக்காரன் வீட்டுத் திண்ணையில் இருக்கிறான்.

2019இல் மத்திய அரசு தொடங்கிய பி.எம். கிசான் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வருசத்துக்கு 6,000 ரூபாய். யாருக்கு? நிலம் பேரில் இருக்கிற குடும்பத்துக்கு. நிலமில்லாத கூலிக்குடும்பத்துக்கு ஒரு பைசா கிடையாது. அரசாங்கமே அச்சடித்துச் சொல்லிவிட்டது: நிலம் இல்லாதவன் விவசாயி இல்லை. அப்படியென்றால் "விவசாயிக்கு உலகச் சந்தை" என்று நீ சொல்லும்போது எங்களைச் சொல்லவில்லை என்று ஆகிறது. அதையாவது வாய்விட்டுச் சொல்லிவிடு.

கணக்கும் இதைத்தான் சொல்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பட்டியல் சாதியினர் நூற்றுக்கு 16.6 பேர், தமிழ்நாட்டில் 20 பேர். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டின் சாகுபடி நிலத்தில் அவர்கள் கையில் இருப்பது சுமார் 9 சதவீதம். அதுவும் பெரும்பாலும் துண்டு துக்காணி, மேட்டு நிலம், கடைமடை. இந்த 9 சதவீதத்தை வைத்துக்கொண்டு எந்தக் கப்பலில் எதை ஏற்றுவது?

இந்த நிலமின்மை தானாக வந்ததில்லை. இந்த ஜில்லாவில்தான் அதற்குச் சாட்சி எழுதிவைக்கப்பட்டது. 1891இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர், பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். சேரிக்காரன் தரிசு நிலம் கேட்டுத் தரக்காஸ்து போட்டால், மிராசுதார்கள் தங்களுக்குத்தான் முதல் பாத்தியதை என்று குறுக்கே விழுந்ததை அந்த வெள்ளைக்காரர் பதிந்து வைத்தார். குடியிருக்கும் மனைகூட ஆண்டை தயவில்தான். 1892இல் அரசாணை வந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம், அதை விற்றால் அவர்களுக்குள்ளேதான் விற்க வேண்டும், மீறி நடந்த விற்பனை செல்லாது. அதுதான் பஞ்சமி நிலம். சென்னை மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு. அந்த நிலம் இப்போது எவன் பேரில் இருக்கிறது? எத்தனை ஏக்கர் மில்லாகவும் மனையாகவும் பண்ணை வீடாகவும் ஆகியிருக்கிறது? ஊர்வாரியாகச் சொல்லச் சொன்னால் பதிவேடு கிடைக்கவில்லை என்பார்கள். லண்டனில் மஞ்சளுக்கு எத்தனை சதவீதம் வரி என்று பைசா சுத்தமாகத் தெரிகிறவர்களுக்கு உள்ளூர் 'அ' பதிவேடு கண்ணுக்குத் தெரியாது.

அதைக் கேட்டதற்குத்தான் காரணை மக்கள் மீது துப்பாக்கி நீண்டது. பறிபோன பஞ்சமி நிலத்தில் அம்பேத்கர் சிலையை வைத்தார்கள், சிலை அகற்றப்பட்டது, நியாயம் கேட்டுச் செங்கல்பட்டில் திரண்டார்கள். 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். அந்தத் தேதிக்கு மூணு மாசம் கழித்து, 1995 ஜனவரி 1 அன்று, உலக வர்த்தக அமைப்பும் அதன் விவசாய ஒப்பந்தமும் அமுலுக்கு வந்தன. ஜெனிவாவில் சந்தைக் கதவைத் திறந்த அதே சமயத்தில் செங்கல்பட்டில் நிலத்தின் கதவைத் துப்பாக்கியால் சாத்தினார்கள். தோழர்களே, இந்த இரண்டையும் சேர்த்து ஒரே வரலாறாக யாராவது எழுதியிருக்கிறார்களா?

எழுத மாட்டார்கள். ஏனென்றால் அன்றைக்கு டங்கல் திட்டத்தை வைத்து நடந்த சண்டையே பட்டாதாரர்களின் சண்டை. மகாராஷ்டிராவில் சரத் ஜோஷி, சந்தையைத் திற, விலை கிடைக்கட்டும் என்றார். கர்நாடகத்தில் நஞ்சுண்டசாமி, சந்தையைத் திறக்காதே, விதை போய்விடும் என்றார். ஒருவர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு. இரண்டு பேருக்கும் பின்னால் பச்சைத் துண்டும் பேட்ஜும் அணிந்து நின்றவர்களில் பெரும்பகுதி நிலமுள்ள சாதி. கூலிக்காரன் எந்த மேடையிலும் இல்லை. மேடைக்குக் கம்பு நட்டிருப்பான், அவ்வளவுதான்.

"விளைச்சலுக்கு விலை ஏறினால் கூலி தானா ஏறும்" என்கிறார்கள். படித்தவர்கள் சொல்கிறார்கள், நம் பையன்களிலேயே பொருளாதாரம் படித்தவர்கள் சிலரும் சொல்கிறார்கள். அவர்களைத் தஞ்சாவூர்ப் பக்கம் அழைத்துப்போக வேண்டும். 1960களின் தொடக்கத்திலேயே தீவிர சாகுபடிக்கான பேக்கேஜ் திட்டத்துக்கு இந்தியாவில் முதலில் தேர்வான ஜில்லாக்களில் தஞ்சாவூரும் ஒன்று. புது விதை வந்தது, உரம் வந்தது, விளைச்சல் கூடியது. கூலி தானா ஏறிச்சா? அரைப்படி நெல் கூடக் கேட்டார்கள். நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று பேர் வைத்துக்கொண்டிருந்த மிராசுதார்கள் என்ன செய்தார்கள்? 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 உயிர் கரிக்கட்டையானது. பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். உயர்நீதிமன்றம் மிராசுதாரை விடுதலை செய்தது. கூலி ஏறுவது சந்தையைப் பொறுத்தது என்றால் வெண்மணி நடந்திருக்கவே நடந்திருக்காது. கூலியைத் தீர்மானிப்பது எவன் கையில் நிலம் இருக்கிறது, எவன் கையில் சாதி இருக்கிறது என்பதுதான். அந்த இரண்டையும் தொடாமல் ஆயிரம் நாட்டோடு ஒப்பந்தம் போட்டாலும் லாபம் வரப்பிலேயே நின்றுவிடும். கழனிக்குள் இறங்காது.

இதற்கு ஏற்றுமதியிலேயே கண்கண்ட உதாரணம் இறால்.

வெண்மணிக்குப் பிறகு அதே மண்ணில் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் 1981இல் உழுபவனின் நில உரிமை இயக்கத்தைத் தொடங்கினார்கள். நிலமில்லாத தலித் பெண்கள் பேரில் நிலம் வாங்கிக் கொடுத்தார்கள். ஏக்கர் ஏக்கராக அந்த வேலை நடந்துகொண்டிருந்தபோது, 1990களின் தொடக்கத்தில் கடலோரத்துக்கு இறால் பண்ணைக் கம்பெனிகள் வந்தன. ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் இறால் வேண்டுமாம். நெல் விளைந்த பூமியை வெட்டிக் குட்டையாக்கி உப்புத்தண்ணீரை ஏற்றினார்கள். பக்கத்துக் கிணறு உப்பானது. மேய்க்கால் போனது. கடலுக்குப் போகிற பாதை வேலிக்குள் போனது.

கூலிக்கணக்கைப் பாருங்கள். ஒரு ஏக்கர் நெல்லுக்கு நாத்து பறிக்க ஆள், நட ஆள், ரெண்டு களை எடுக்க ஆள், அறுக்க ஆள், அடிக்க ஆள். அதே ஏக்கர் இறால் குட்டை ஆனால் தீனி போட ஓர் ஆள், ராத்திரி காவலுக்கு ஓர் ஆள். பெண்ணுக்கு அங்கே வேலையே இல்லை. அன்னியச் செலாவணி வந்தது உண்மை. சேரிப் பெண்ணின் நடவுக்கூலி போனதும் உண்மை. முதலாவது புள்ளிவிவரத்தில் ஏறியது, இரண்டாவது ஏறவில்லை.

ஜெகந்நாதன் உச்சநீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பு வந்தது. கடற்கரை ஒழுங்காற்று மண்டலத்துக்குள் இருக்கும் இறால் குட்டைகளை இடி, விளைநிலத்தையும் உப்பளத்தையும் ஊர்ப் பொதுநிலத்தையும் குட்டையாக்காதே, பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு கொடு, வேலை இழக்கும் தொழிலாளிக்கும் கொடு என்றது நீதிமன்றம். நீரி நிறுவனத்தின் ஆய்வைக் காட்டி, இந்தத் தொழிலில் வரும் வருமானத்தைவிட அது செய்யும் சேதம் அதிகம் என்றும் சொன்னது. குட்டைகள் இடிந்தனவா? 2005இல் பாராளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் கொண்டுவந்தது. மண்டல விதிகளின் தடை இந்தத் தொழிலுக்குப் பொருந்தாது என்று பின்தேதி போட்டு எழுதிக்கொண்டது. 1892 அரசாணை நூறு வருசத்துக்கு மேலாக அமுலாகாமல் கிடக்கிறது. ஏற்றுமதிக்காரனுக்கு ஒரு சிக்கல் என்றால் ஒன்பது வருசத்தில் சட்டமே மாறுகிறது. சட்டத்துக்குக் கால் இல்லை என்று யார் சொன்னது? யாருக்காக ஓட வேண்டும் என்று அதற்கு நன்றாகத் தெரியும்.

2009இல் வெனாமி இறால் வந்தது. தாய் இறாலை வெளிநாட்டிலிருந்து இறக்கி நீலாங்கரையில் தனிமைப்படுத்திச் சோதித்து அனுப்புகிறார்கள். மாமல்லபுரம் தாண்டி மரக்காணம் வரைக்கும் போனால் குஞ்சு பொரிப்பகங்கள். 2024-25இல் இந்தியாவின் கடல்பொருள் ஏற்றுமதி சுமார் 62,000 கோடி ரூபாய், அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் உறைய வைத்த இறால். அந்த இறாலின் தலையைக் கிள்ளி ஓடு உரிக்கிறவர்கள் யார்? ஆந்திராவின் உரிக்கும் கொட்டகைகளைப் பற்றி 2024இல் அமெரிக்கப் பத்திரிகைக்காரர்கள் எழுதினார்கள். ஐஸ்தண்ணீரில் மணிக்கணக்கில் கை ஊறிப்போய் நின்ற பெண்கள், அற்பக்கூலி, கடன். நம்ம சனமும் பழங்குடிச் சனமும் மீனவப் பெண்களும்தான்.

வாங்குகிற நாடு ஒவ்வொரு பெட்டியிலும் மருந்து எச்சம் இருக்கிறதா என்று சோதிக்கிறது. கோடியில் ஒரு பங்கு இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவான். அந்தப் பெட்டியில் தீண்டாமையின் எச்சம் எவ்வளவு, ஏமாற்றிய கூலியின் எச்சம் எவ்வளவு என்று சோதிக்க எந்தத் துறைமுகத்திலும் கருவி இல்லை. தொழிலாளர் நலன் என்று ஓர் அத்தியாயத்தைப் புது ஒப்பந்தங்களில் ஒட்டுகிறார்கள். சாதி என்ற சொல் எதிலும் வராது. வந்தால் "உள்நாட்டு விவகாரம்" என்பார்கள். கிணறு உப்பானது மட்டும் உள்நாட்டு விவகாரம், இறால் சர்வதேச விவகாரம்!

திறந்த கதவு சாத்தவும் செய்யும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பண்டங்களுக்கு 50 சதவீதம் வரி போட்டது. இறால் ஏற்றுமதியாளர்கள் டெல்லிக்கு ஓடினார்கள், நிவாரணம் கேட்டார்கள். அது அவர்கள் உரிமை. ஆர்டர் குறைந்த அன்றைக்கே "நாளைக்கு வராதே" என்று சொல்லப்படுகிற தினக்கூலிப் பெண் எங்கே ஓடுவாள்? லாபம் வந்தபோது பங்கு கிடையாது, நட்டம் வந்தால் முதல் பங்கு.

இதில் இன்னொரு வலை இருக்கிறது, அதுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. ரேஷன் அரிசி. தமிழ்நாட்டில் 2011இலிருந்து அரிசி இலவசம். சேரியில் உலை கொதிக்கிறதென்றால் அந்த அரிசியால்தான். கூலி கட்டுப்படியாகவில்லை என்று ஆண்டை வீட்டுக்குப் போகாமல் நாலு நாள் வீட்டில் உட்கார முடிகிறதென்றாலும் அந்த அரிசியால்தான். அந்த அரிசியை அரசு நெல்லாகக் கொள்முதல் செய்கிறது. உலக வர்த்தக அமைப்பின் கணக்கில் அது "சந்தையைச் சிதைக்கும் மானியம்". உற்பத்தி மதிப்பில் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாதாம். அதையும் 1986-88 விலையை வைத்துத்தான் கணக்குப் போடுவார்களாம். 2013இல் பாலி மாநாட்டில் ஒரு தற்காலிக விலக்கு கிடைத்தது. 2020இல் அந்த விலக்கை முதன்முதலாகப் பயன்படுத்திய நாடு இந்தியா, அதுவும் அரிசிக்காக. இன்னும் நிரந்தரத் தீர்வு இல்லை. 2024இல் அபுதாபி மாநாட்டிலும் முடியவில்லை. உன் பண்டத்துக்கு என் சந்தையைத் திறக்கிறேன், உன் மானியத்தைக் குறை என்பதுதான் இந்தப் பேரத்தின் எளிய சூத்திரம். ஒரு பக்கத் தட்டில் ஏற்றுமதியாளரின் இறாலும் மாம்பழக் கூழும். மறுபக்கத் தட்டில் நம்ம வீட்டுச் சோறு.

இன்னொரு பக்கமும் இறுக்குகிறார்கள். 2005 நூறுநாள் வேலைச் சட்டத்தின் இடத்தில் 2025 டிசம்பரில் வேறு சட்டம் வந்துவிட்டது. 125 நாள் என்று எண்ணிக்கை ஏறியிருக்கிறது. கூடவே, நடவும் அறுப்பும் உச்சமாக இருக்கும் காலத்தில் வருசத்துக்கு 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கவும் இடம் வைத்திருக்கிறார்கள். எதற்கு? ஆண்டைக்கு ஆள் கிடைக்க. பண்டத்துக்கு உலகம் முழுக்கத் திறந்த கதவு, கூலிக்காரனுக்கு மட்டும் பருவத்துக்குப் பருவம் சாத்துகிற கதவு. தாராளமயம் என்றால் யாருக்குத் தாராளம் என்று இப்போது புரிகிறதா?

சுதேசிக்காரர்கள் இதைப் படித்துவிட்டு என் தோளில் கை போட வருவார்கள். வேண்டாம். அன்னியப் பண்டம் வேண்டாம், நம் கிராமம், நம் மண், நம் பாரம்பரிய விவசாயம் என்கிற பாட்டை நாங்கள் நிறையக் கேட்டாச்சு. அந்தப் பாரம்பரியத்தில் எங்கள் பாட்டன் படியாள். அந்தக் கிராமத்தில் எங்களுக்குத் தனிக் கிணறு, தனிச் சுடுகாடு. இந்தக் கடற்கரையிலிருந்து மொரீஷியஸுக்கும் நேட்டாலுக்கும் இலங்கைக்கும் மலேயாவுக்கும் கூலியாகக் கப்பல் ஏறினார்களே, அவர்கள் வெளிநாட்டு மோகத்தில் ஏறவில்லை. உள்ளூர் ஆண்டையிடமிருந்து தப்பிக்கவும் ஏறினார்கள். கதவைச் சாத்து என்று சொல்ல எங்களுக்கு எந்த முகாந்திரமும் இல்லை. வெளிச்சந்தையும் உள்சந்தையும் எங்களுக்குப் பகையில்லை. கையில் நிலம் இருக்கும் தலித் பெண் தன் மஞ்சளைத் தானே லண்டனுக்கு அனுப்பினால் முதலில் கை தட்டுகிறவன் நானாக இருப்பேன்.

அம்பேத்கர் 1947இல் அரசியல் நிர்ணய சபைக்காக எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' அறிக்கையை மாணவத் தோழர்கள் எடுத்துப் படிக்க வேண்டும். விவசாயம் அரசுத் தொழிலாக இருக்க வேண்டும், நிலத்தை அரசு எடுத்துக்கொண்டு சாதி மத பேதமில்லாமல் ஊர் மக்களுக்குக் கூட்டுப்பண்ணையாகக் குத்தகைக்கு விட வேண்டும், நிலப்பிரபு, குத்தகைக்காரன், நிலமற்ற கூலி என்ற மூன்று பேரும் இல்லாமல் போக வேண்டும் என்றார். பொருளாதாரம் படித்த அந்த மனிதர் சந்தையிலிருந்து தொடங்கவில்லை, நிலத்திலிருந்து தொடங்கினார். அந்த வரிசை தலைகீழானதுதான் நம் துயரம்.

நான் குடியிருக்கிற ஊரப்பாக்கத்தில் இப்போது கழனி என்று காட்ட அதிகம் இல்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் வந்த பிறகு சதுரஅடி விலைதான் பேச்சு. நெல் விளைந்த இடத்தில் கொடி நட்டு மனை விற்கிறார்கள். விற்ற காசு யாருக்குப் போனது? பட்டா யார் பேரிலோ அவர்களுக்கு. அந்தக் கழனியில் நாலு தலைமுறை உழைத்தவர்கள் அதே இடத்தில் எழும்பிய அடுக்குமாடிக்குக் காவல் நிற்கிறார்கள், வீடு துடைக்கிறார்கள். ஏற்றுமதி வந்தாலும் ரியல் எஸ்டேட் வந்தாலும் காசு ஒரே வழியாகத்தான் ஓடுகிறது. வழியை மாற்றாமல் தண்ணீரை மட்டும் கூட்டிப் பிரயோசனம் இல்லை.

ஆகவே நம் இயக்கங்கள் வர்த்தக ஒப்பந்தம் என்றால் அது பொருளாதார நிபுணர் வேலை என்று ஒதுங்கக் கூடாது. நம் சோறும் கூலியும் அந்த மேசை மேல் இருக்கிறது. ஒப்பந்தத்துக்குப் பாராளுமன்ற ஒப்புதல் கட்டாயம் என்று நம் அரசியல் சட்டத்தில்கூட இல்லை. மந்திரிசபை கையெழுத்துப் போடும், நாம் பேப்பரில் படிப்போம். நாம் கேட்க வேண்டியவை இவை:

ஒன்று. பஞ்சமி நிலக் கணக்கை ஊர்வாரியாக, சர்வே எண்ணோடு வெளியிடு. பறிபோனதை மீட்டு, குறிப்பாகப் பெண்கள் பேரில் கொடு.

இரண்டு. சிட்டா இருப்பவன் மட்டும்தான் விவசாயி என்கிற இலக்கணத்தை மாற்று. கூலிக்காரியும் வாரக்காரனும் விவசாயிதான். கடனும் உதவித்தொகையும் அவர்களுக்கும் வேண்டும்.

மூன்று. ஏற்றுமதிக்குச் சான்றிதழ் தரும் அரசு நிறுவனங்கள் மருந்து எச்சத்தைச் சோதிக்கிற மாதிரி கூலிப் பதிவேட்டையும் சோதிக்கட்டும். குறைந்தபட்சக் கூலி தராதவனுக்கு லைசென்ஸ் தராதே.

நான்கு. ரேஷன் கொள்முதலை எந்த ஒப்பந்தத்திலும் பேரப்பொருளாக வைக்காதே.

ஐந்து. கையெழுத்துக்கு முன்னால் ஒப்பந்தத்தைத் தமிழில் வெளியிடு. கிராமசபையில் படி. சேரிக்கும் கேட்கிற மாதிரி படி.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் ஊர் 'அ' பதிவேட்டைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். எந்த சர்வே எண் பஞ்சமியாக இருந்தது, இப்போது யார் பேரில் இருக்கிறது, அதில் என்ன விளைகிறது, விளைந்தது எங்கே போகிறது, அறுத்தவருக்கு என்ன கூலி என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பத்து ஊருக்கு அப்படி ஒரு நோட்டு இருந்தால் போதும், அடுத்த தடவை மந்திரி "விவசாயிக்கு உலகச் சந்தை" என்று பேச வரும்போது எழுந்து நின்று எந்த விவசாயிக்கு என்று சர்வே எண் சொல்லிக் கேட்கலாம்.